தையல்காரரின் கல்லீரலும் தங்கையின் இலைச்சாறும்

வீட்டில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். வைத்தது அண்ணன்தான். ஐந்து வயதிலேயே ஒரு கேள்வி கேட்டால் பத்துப் பதில் வெடிக்குமாம். நாற்பதைத் தாண்டி, முனைவர் பட்டம் வாங்கி, காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் அந்தப் பெயர் அவளை விட்டபாடில்லை. ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் மேடம் என்கிறார்கள். அங்கேயும் அதே பட்டாசுதான். திரி மட்டும் கொஞ்சம் நீளம்.

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "கேன்சர் வளர்க்கிறேன்" என்பாள். கேட்டவர் முகம் போகும் போக்கை ரசித்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொல்வாள். எத்தனையோ வருடங்களுக்கு முன் எவரோ ஒரு நோயாளியின் கல்லீரலிலிருந்து எடுத்த புற்றுநோய்ச் செல்கள் அவை. அந்த நோயாளி இன்று இல்லை, செல்கள் மட்டும் சாகாமல் பெருகிக்கொண்டே ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்குக் கைமாறி வந்திருக்கின்றன. தட்டையான பிளாஸ்டிக் குடுவைக்குள், இளஞ்சிவப்புச் சத்துநீரில், உடம்புச் சூடு மாறாத ஒரு பெட்டியில் அவை வாழ்ந்துகொண்டிருந்தன. ஒருநாள் விட்டு ஒருநாள் பழைய நீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது நீர் ஊற்ற வேண்டும். அதற்கு ஞாயிறும் கிடையாது, கல்யாணமும் கிடையாது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பாதியில் எழுந்து போய்ச் செல்லுக்குச் சாப்பாடு போட்டவள் என்ற கெட்ட பெயர் அவளுக்கு உண்டு. அதைக் கேட்டால் அவளுக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

அண்ணன் அவளைவிட ஏழு வயது மூத்தவன், தையல்காரன். கடைத்தெருவில் இரண்டு மெஷின் போட்ட கடை. இரண்டு பிள்ளைகள் பெற்ற பிறகு அவள் மறுபடி படிக்கப் போகிறேன் என்றபோது குடும்பமே வேண்டாம் என்றது. அண்ணன் மட்டும், "அவ வீட்ல இருந்தா நம்மளைத்தான் ஆராய்ச்சி பண்ணுவா, போய்த் தொலையட்டும்" என்று சொல்லி வாயை அடைத்தான். அவள் போடும் வெள்ளைக் கோட்டுகள் எல்லாம் அவன் தைத்தவை. கை அசையும்போது துணி செல் குடுவையில் உரசிவிடக் கூடாது என்று மணிக்கட்டில் இறுக்கிப் பிடித்துத் தைத்திருப்பான். அதற்காக அவளை மூன்று தடவை கடைக்கு இழுத்து அளவெடுத்தான். அவன் வாயும் கொஞ்சம் நீளம்தான். ஆனால் தங்கை விஷயத்தில் அவனுக்கு மனசு பஞ்சு.

ஆய்வுக்கூடத்தின் பின்சுவரில் ஒரு கொடி படர்ந்திருந்தது. அந்தப் பக்கம் மேய வரும் ஆடுகள் சுவரொட்டியைக்கூட விட்டுவைப்பதில்லை. ஆனால் இந்தக் கொடிப் பக்கம் தலை வைத்தும் படுப்பதில்லை. ஆடு வாய் வைக்காத இலையில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. கூடத்துத் தலைவரான பேராசிரியர் சிரித்தார். சிரித்தால் சிரிக்கட்டும் என்று இலையைப் பறித்து நிழலில் உலர்த்திப் பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து, வடிகட்டி, ஆல்கஹாலை ஆவியாக்கி விரட்டினாள். அடியில் தார் மாதிரி கரும்பச்சைப் பசை தங்கியது. அதில் துளியைக் கரைத்துக் குடுவையில் விட்டால், மறுநாள் கேன்சர் செல்கள் பிடியை விட்டுச் சுருண்டு மிதந்தன. நூற்றுக்கு எண்பது செத்திருந்தன.

ஒருதரம் வந்தால் அதிர்ஷ்டம் என்பார்கள் கூடத்தில். மூன்றுதரம் வந்தால்தான் முடிவு. அவளுக்கு மூன்றுதரமும் வந்தது. நான்கு வருட உழைப்பு. உச்சி குளிர்ந்துபோனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பாடு. அவள் சும்மா இருப்பாளா? தட்டில் கை வைத்ததிலிருந்து கை கழுவும்வரை இலைப் புராணம்தான். வழக்கமாக அவள் செல், குடுவை என்று ஆரம்பித்தால் அண்ணன் கொட்டாவி விடுவான். அன்றைக்கு மட்டும் கண்கொட்டாமல் கேட்டான். எந்தச் சுவர், எந்தப் பக்கம், இலை எப்படி இருக்கும் என்று துருவித் துருவி விசாரித்தான். இந்த வயதில் அண்ணனுக்கு அறிவியல் ஆசை வந்துவிட்டதே என்று அவள் பூரித்தாள். பூரித்தவளைச் சொல்ல வேண்டும்.

விஷயம் என்னவென்றால், அதற்கு முந்தின வாரமே அவன் வயிற்றை ஸ்கேன் எடுத்திருந்தான். கல்லீரலின் ஓரத்தில் ஒரு கட்டி. யாரிடமும் மூச்சு விடவில்லை. கொஞ்ச நாள் கழித்து அண்ணி அலமாரியில் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே போன் செய்தபோதுதான் இவளுக்குத் தெரிந்தது. அன்றிரவே அவனைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தெம்பாகத்தான் பேசினார். கட்டி சின்னது, ஓரமாக இருக்கிறது, மிச்சக் கல்லீரல் நன்றாக இருக்கிறது, இப்போதே வெட்டி எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், தள்ளிப்போட்டால் நான் பொறுப்பில்லை. தேதியும் குறித்தார். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். சேர வேண்டிய நாளில் ஆளைக் காணோம். கடையில் அவசரத் தையல் என்று சொல்லி அனுப்பினான்.

மறுநாள் காலை இலை பறிக்கப் பின்சுவர்ப் பக்கம் போன பட்டாசுக்குத் திக்கென்றது. கொடி ஆள் உயரத்துக்கு மொட்டையாக நின்றது. காவலாளியைப் பிடித்து வெடித்துத் தள்ளினாள். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"உங்க அண்ணன்தான் மேடம் பறிச்சுட்டுப் போறார். நீங்கதான் பறிச்சுட்டு வரச் சொன்னதா சொன்னாரு."

கோட்டைக்கூடக் கழற்றாமல் கடைத்தெருவுக்கு ஓடினாள். அண்ணன் யாருடைய சட்டைக் காலரையோ பிரித்துக்கொண்டிருந்தான். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர், அடியில் பச்சைக் கசடு. தினமும் காலையில் வெறும் வயிற்றில் இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறானாம். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்பதுபோல் பார்த்தான்.

"நீதானே சொன்ன, நூத்துக்கு எண்பது சாகுதுன்னு?"

"குடுவையில செத்துது அண்ணா. உன் வயித்துல இல்ல."

"குடுவையில சாகறது வயித்துல மட்டும் சாகாதா? மூணுதரம் பாத்தேன்னு வேற சொன்ன. பொய்யா?"

பொய்யில்லை. அதுதான் அவளைக் கொன்றது. சொன்னது அத்தனையும் உண்மை. குடுவைக்குச் சொன்னதை அவன் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டான். அப்படி எடுத்துக்கொள்கிற மாதிரி வாய் வலிக்கப் பேசியது யார்?

அவள் ஆபரேஷன் பேச்சை எடுத்தாள். அவன் கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டினான்.

"முப்பது வருஷமா வெட்டறவன் நான். துணியை ஒருதரம் வெட்டினா வெட்டினதுதான். அப்புறம் என்னதான் ஒட்டுப் போட்டாலும் அது பழைய துணி இல்ல. என்னை வெட்ட விடமாட்டேன்."

அவன் குரலில் பிடிவாதம் இல்லை, பயம் இருந்தது. அண்ணன் பயந்து அவள் பார்த்ததே இல்லை. வாசல் வெளிச்சத்தில் அவன் நிமிர்ந்தபோது இன்னொன்றையும் பார்த்தாள். கண்ணின் வெள்ளையில் மஞ்சள் இழையோடியது. கட்டி இருப்பது ஓரத்தில், அதனால் மஞ்சள் வர வழியில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியென்றால் மஞ்சள் எங்கிருந்து வந்தது?

திரும்பும் வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். இலைச்சாறு கேன்சர் செல்லைக் கொல்கிறது என்று தெரியும். நல்ல கல்லீரல் செல்லை என்ன செய்கிறது என்று தெரியாது. பார்க்கவே இல்லை. வேறொரு கூடத்திலிருந்து நல்ல செல்கள் உறைநிலையில் வந்து குளிர்ப்பெட்டியில் கிடந்தன. இன்று பார்க்கலாம், நாளை பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். வேலை அதிகம் என்று எல்லாரிடமும் சொன்னாள். நிஜம் வேறு. வந்திருக்கிற நல்ல சேதியைக் கொஞ்ச நாள் அனுபவிக்க ஆசை. ஆய்வுக்கூடக்காரர்கள் எல்லாருக்குமே உள்ள வியாதி இது.

சாயங்காலம் மறுபடி கடைக்குப் போனாள். இந்தமுறை வெடிக்கவில்லை. அண்ணனிடம் பேரம் பேசினாள். இன்னும் ஒரே ஒரு சோதனை பாக்கி. அதை முடிக்கும்வரை இலையைத் தொடக் கூடாது. சோதனையில் இலை நல்லது என்று வந்தால் அவளே பறித்துக் கொதிக்கவைத்துக் கொடுப்பாள். இல்லையென்று வந்தால் மறுபேச்சில்லாமல் ஆஸ்பத்திரி.

"நீ பண்ற சோதனை நீ நெனச்ச மாதிரிதான் வரும்," என்றான்.

"நான் எண்ணமாட்டேன். நீ எண்ணு."

சும்மா சமாதானத்துக்குச் சொன்ன வார்த்தை இல்லை. கூடத்தில் அப்படித்தான் வழக்கம். ஒன்று ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் கையில் எண்ணிக்கையைக் கொடுக்கமாட்டார்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எது எது என்று சொல்லாமல், வெறும் நம்பர் ஒட்டிக் கொடுப்பார்கள். கண் ஏமாற்றாது, ஆசைதான் ஏமாற்றும். இலை ஜெயிக்க வேண்டும் என்று அண்ணனைவிட ஆசைப்படுகிறவர் இந்த உலகத்தில் யார்? அவன் எண்ணட்டும்.

நல்ல செல்களை எழுப்பி வளர்த்தெடுக்க நாள் பிடித்தது. கேன்சர் செல் காட்டுத்தனமாக வளரும், நல்ல செல்லுக்கு ஆயிரம் நோக்காடு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தாள். அதற்குள் டாக்டரைப் பார்த்து நடந்ததை மறைக்காமல் சொன்னாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார். நல்ல பகுதியும் அடிபட்டிருக்கிறது, இந்த நிலையில் கத்தி வைக்க முடியாது, தேறட்டும் என்று சொல்லிவிட்டார். இலை நின்றதும் மஞ்சள் மெல்ல மெல்ல இறங்கியது. அண்ணன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, பார்த்தாயா, குடித்த இலை இப்போதுதான் வேலை செய்கிறது என்றான். அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். பட்டாசு பல்லைக் கடித்துக்கொண்டு செல்லுக்கு நீர் மாற்றக் கிளம்பினாள்.

சோதனை நாளன்று அண்ணன் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தான். வெள்ளைக் கோட்டு ஒன்றை மாட்டிவிட்டார்கள். மாட்டிக்கொண்டதும், இது யார் தைத்தது, தோள் இறங்குகிறதே என்று அந்தக் கோட்டைக் குறை சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

பேராசிரியர் நான்கு சின்னக் குழாய்களை நம்பர் ஒட்டிக் கொண்டுவந்து வைத்தார். எதில் என்ன என்று அவருக்கு மட்டும் தெரியும். பட்டாசுக்கும் தெரியாது. அவள் ஒவ்வொன்றிலும் நீலச் சாயம் ஒரு துளி விட்டு, கட்டம் போட்ட கண்ணாடியில் ஏற்றி, மைக்ராஸ்கோப்பைச் சரிசெய்து கொடுத்தாள். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது, வெளிச்சமாகவே இருக்கும். செத்த செல்லுக்குள் சாயம் புகுந்துவிடும், நீலமாகிவிடும். எண்ணும் கருவியில் வெளிச்சத்துக்கு இந்தப் பொத்தான், நீலத்துக்கு அந்தப் பொத்தான், ஒவ்வொரு கட்டமாக எண்ண வேண்டும். ஊசியில் நூல் கோக்கிற கண். இரண்டு நிமிஷத்தில் பிடித்துக்கொண்டான்.

பொத்தான் சத்தம் மட்டும் கேட்டது. பட்டாசு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். நல்ல செல்கள் பிழைத்திருந்தால் அவளுடைய இலை உலகத்துக்கே பெரிய சேதி. ஆனால் அண்ணன் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான், கட்டி வளரும். நல்ல செல்கள் செத்திருந்தால் நான்கு வருட உழைப்பு சரியும், அண்ணன் பிழைப்பான். எது வேண்டும் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. இலை தோற்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டாள். அவள் வேண்டுதல் குழாய்க்குள் போகாது என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அண்ணன் நான்கையும் எண்ணிவிட்டு நிமிர்ந்தான். ஒன்றாம் நம்பரும் மூன்றாம் நம்பரும் அநேகமாக வெளிச்சம். இரண்டிலும் நான்கிலும் நீலம்தான் அதிகம். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லை.

"ரெண்டும் நாலும் இலை ஊத்தினது. சரியா?" என்றான். குரலில் ஜெயித்த மிதப்பு.

"சரி," என்றார் பேராசிரியர். "ஒண்ணுலயும் மூணுலயும் இலை இல்ல."

"பாத்தியா பட்டாசு. நாந்தான் சொன்னேனே."

பேராசிரியர் அவளைப் பார்த்தார். பிறகு அண்ணனிடம் மெதுவாகச் சொன்னார். "ரெண்டு, கேன்சர் செல். நாலு, நல்ல கல்லீரல் செல்."

அண்ணனுக்கு உடனே பிடிபடவில்லை. நான்காம் கண்ணாடியை மறுபடி வைக்கச் சொன்னான். குனிந்து பார்த்தான். வெகு நேரம் பார்த்தான்.

"நல்லதையுமா கொல்லுது?"

"நல்லதையும்தான்."

"எவ்வளவு?"

"நீதானே எண்ணின அண்ணா."

அவன் கண்ணை எடுக்கவில்லை. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். டாக்டர் வெட்டப்போவது ஓரத்தில் ஒரு துண்டு, மிச்சத்தை நம்பித்தான் அவர் கத்தியை எடுக்கிறார், அந்த மிச்சத்தைத்தான் நீ தினமும் ஒரு டம்ளர் ஊற்றிக் கருக்கிக்கொண்டிருந்தாய் என்று சொன்னாள்.

"வெட்டினா வெட்டினதுதானே," என்றான் அண்ணன். ஆனால் இப்போது அது வாதமில்லை, கேள்வி.

"துணி வளராது அண்ணா. கல்லீரல் வளரும்."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். இத்தனை வருடத்தில் அவள் சொன்ன ஆயிரம் அறிவியலில் இந்த ஒன்றுதான் அவன் காதுக்குள் இறங்கியது. வெட்டியது போக மிச்சம் இருப்பது பெருகி, சில மாதத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும் என்று அவள் விளக்கினாள். அப்படி ஒரு துணி இருந்தால் நான் எப்போதோ பணக்காரன் ஆகியிருப்பேன் என்று சொல்லிக் கோட்டைக் கழற்றினான். டாக்டருக்கு நீயே போன் போடு என்றான்.

அவன் போன பிறகு பேராசிரியர் அவளைத் தேற்ற வந்தார். அவள் தேறித்தான் இருந்தாள். இந்த இலைக்குக் கை பலம் இருக்கிறது சார், கண்தான் இல்லை என்றாள். யாரைப் பார்த்தாலும் அடிக்கிறது. பசைக்குள் ஒரு பொருளா இருக்கிறது, நூறு பொருள் இருக்கும். பிரித்துப் பிரித்துப் பார்த்தால் கெட்டதை மட்டும் அடிக்கிற ஒன்று கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். தேடாமல் விடப்போவதில்லை. ஆய்வுக் கட்டுரையில் நான்காம் குழாயையும் சேர்த்தே எழுதுவேன் என்று சொல்லிவிட்டாள். தலைப்பு கொஞ்சம் இளைத்துவிடுமே என்றார் அவர். இளைத்தால் உடம்புக்கு நல்லதுதான் என்றாள்.

ரத்தம் தேறியதும் அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவனே டாக்டரிடம் ஒன்று கேட்டான். வெட்டி எடுப்பதை என்ன செய்வீர்கள்? பரிசோதனைக்குப் போகும், மிச்சத்தை அழித்துவிடுவோம் என்றார் டாக்டர். என் தங்கச்சி கூடத்துக்குக் கொடுப்பீர்களா என்றான். அப்படிக் கொடுக்க இரண்டு இடத்துக்கும் முறையான அனுமதி ஏற்கெனவே இருந்தது, நோயாளி சம்மதம்தான் வேண்டும். அவன் சம்மதித்தான். பட்டாசுக்கு இதெல்லாம் தெரியாது. மறுநாள் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வெளியே வந்தார். கட்டி முழுசாக வந்துவிட்டது, மிச்சம் ஆரோக்கியமாக இருக்கிறது என்றார். அண்ணி அவள் தோளில் சாய்ந்து அழுதாள். அப்போதுதான் நர்ஸ், உங்கள் கூடத்துக்குக் கொடுக்க உங்கள் அண்ணன் சம்மதித்த கட்டித் துண்டு என்று சொல்லி ஒரு சின்ன ஐஸ் டப்பாவைக் கொண்டுவந்து பட்டாசின் மடியில் வைத்தாள்.

அதைத் தொட அவளுக்கு முதலில் அருவருப்பாக இருந்தது. எவரோ ஒருவருடைய செல்லை இத்தனை வருடம் வளர்த்தவளுக்கு, சொந்த அண்ணனுடையது என்றதும் கை போகவில்லை. இருந்தாலும் எடுத்துக்கொண்டு ஓடினாள். நறுக்கி, பிரித்து, கழுவி, புதுக் குடுவையில் விட்டாள். இப்படி நேரே உடம்பிலிருந்து எடுத்தவை பெரும்பாலும் பிடிக்காது, மிதந்தே செத்துவிடும். சாகட்டும் என்று ஒரு மனசு, பிடிக்கட்டும் என்று ஒரு மனசு. ஒருநாள் காலையில் பார்த்தபோது குடுவையின் அடியில் சின்னச் சின்னத் தீவுகளாக ஒட்டிக்கொண்டிருந்தன.

அண்ணன் வீட்டுக்கு வந்து, வயிற்றில் தையலோடு, கடைப் பையனைப் போனிலேயே விரட்டுகிற அளவுக்குத் தேறியிருந்தான். அன்று அவளைப் போனில் கூப்பிட்டான்.

"பொழச்சுதா?" என்றான்.

அவனை அத்தனை நாள் கிடுகிடுக்க வைத்த கட்டியின் செல்களைப் பற்றித்தான் கேட்கிறான்.

"பொழச்சுடுச்சு அண்ணா. உன் பிடிவாதம் அதுக்கும் இருக்கு."

சொல்லிவிட்டு, சங்கடப்படுத்திவிட்டோமோ என்று நினைத்தாள். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நல்லதாப் போச்சு. எனக்குள்ள இருந்தவரைக்கும் நான்தான் அதைக் கண்டு பயந்தேன். இப்ப அது உன்கிட்ட மாட்டியிருக்கு. இனிமே அது பயப்படட்டும்."